காரும் ஓட்டுகிறார், சைக்கிளும் ஓட்டுகிறார் – இவர் யார்?

கிள்ளானில் குடியிருப்பவர் ஒருவர். திங்கள் முதல் வெள்ளி வரை கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இவரைச் சைக்கிளோட்டி என்று சொல்லலாமா, கூடாதா?

"கார் வைத்திருப்பவருக்கு சைக்கிள் வெறும் பொழுதுபோக்கு. இவர் எப்படி சைக்கிளோட்டி ஆவார்?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். "சாலையை அடைத்துக்கொண்டு போகும் சைக்கிள் கூட்டத்தில் இவரும் ஒருவர்தானே" என்று மறுசாரார் முணுமுணுக்கிறார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவர் என்று இரு தரப்பும் இவரை ஐயத்தோடுதான் பார்க்கின்றன.

கேட்பதற்கு இது வெட்டிப் பேச்சு போலத் தோன்றலாம். ஆனால், விபத்து நடந்தால் இழப்பீடு கிடைக்குமா, மாநகர் மன்றம் சைக்கிள் பாதை போடுமா, பின்னால் வரும் கார் இடம் விட்டுப் போகுமா என்ற கேள்விகளெல்லாம் இந்த ஒரு கேள்வியோடு பின்னிக் கிடக்கின்றன. ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

தோட்டத்து சைக்கிளும் இன்றைய சைக்கிளும்

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. தோட்டப்புறங்களில் கிராணியார் சைக்கிளில் வந்தால் அது அந்தஸ்து. பால்மரம் சீவும் தொழிலாளி சைக்கிளில் வாளியை மாட்டிக்கொண்டு போனால் அது பிழைப்பு. ரொட்டி விற்பவர், பால்காரர், பத்திரிகை போடுபவர் என்று எல்லாருக்கும் சைக்கிள்தான் வாகனம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் சைக்கிள் சாதாரணமான பொருள். ஊராட்சி மன்றங்கள் சைக்கிளுக்கும் உரிமம் கொடுத்து, சிறு தகடு மாட்டச் சொன்ன காலம் அது. வீட்டில் இருந்தது ஒரே வாகனம் என்பதால் யாரும் இரண்டாகப் பிரித்துப் பேசவில்லை.

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்ததும் நடுத்தரக் குடும்பத்துக்கும் கார் எட்டும் பொருளானது. சைக்கிள் வீட்டின் பின்கட்டுக்குப் போய்த் துருப்பிடித்தது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடியே 63 லட்சம். மக்கள் தொகையோ அப்போது 3 கோடியே 40 லட்சத்தைக்கூட எட்டவில்லை. பதிவில் உள்ள வாகனங்கள் எல்லாமே சாலையில் ஓடுவதில்லைதான். என்றாலும், ஆளுக்கு ஒன்றுக்கு மேல் என்ற அந்தக் கணக்கு நம் வாழ்க்கை முறையைக் காட்டிவிடுகிறது.

இன்று சைக்கிள் திரும்ப வந்திருக்கிறது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயந்து சிலர் ஓட்டுகிறார்கள். நெரிசலில் கார் நகராததால் சிலர் ஓட்டுகிறார்கள். கோலாலம்பூரில் 2014-ஆம் ஆண்டு ஞாயிறு காலையில் சில சாலைகளைக் கார் இல்லாமல் மூடிவிடும் வழக்கம் தொடங்கியதும், குடும்பத்தோடு சைக்கிள் ஓட்டும் ஆசை பலருக்குத் துளிர்த்தது. இப்படித் திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கார் வைத்திருப்பவர்களே. வெயிலும் மழையும் தூரமும் நெடுஞ்சாலைகளும் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில், முழுக்க முழுக்க சைக்கிளை மட்டும் நம்பி வாழ்வது எளிதல்ல.

சட்டம் ஆளைப் பார்ப்பதில்லை

ஒருவர் சைக்கிளோட்டியா இல்லையா என்பதைச் சட்டம் எப்படி முடிவு செய்கிறது? மிக எளிது. அந்த நேரத்தில் அவர் எதில் போகிறார் என்று மட்டுமே பார்க்கிறது.

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மோட்டார் வாகனம் ஓட்ட உரிமம் வேண்டும், காப்புறுதி வேண்டும், சாலை வரி வேண்டும். சாதாரண மிதி சைக்கிளுக்கு இவை கேட்கப்படுவதில்லை. முப்பது வருடம் கார் ஓட்டிய அனுபவசாலி சைக்கிளில் போகும்போது விபத்துக்குள்ளானால், போலீஸ் புள்ளிவிவரத்தில் அவர் சைக்கிள் என்ற பிரிவில்தான் சேர்வார். வீட்டு வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்று அந்தக் கட்டத்தில் கேள்வி இல்லை.

காப்புறுதியும் அப்படித்தான். வீட்டில் நிற்கும் காருக்கு எடுத்த காப்புறுதி, அவர் சைக்கிளில் போகும்போது துணைக்கு வராது. அப்போது அவர் மூன்றாம் தரப்பு. தவறு மோதிய வாகனத்தின் மீது என்று நிரூபணமானால், அந்த வாகனத்தின் காப்புறுதியிடம் இழப்பீடு கோரலாம். சட்டப்படி, விபத்தில் சிக்கிய வாகனமோட்டி 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். சைக்கிளில் வந்தவரும் "சின்ன அடிதானே" என்று விட்டுவிடாமல் புகார் செய்து வைப்பது புத்திசாலித்தனம். புகாரும் மருத்துவச் சான்றும் இல்லாவிட்டால் பின்னர் வழக்கறிஞராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தி சொக்சோ பற்றியது. 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை வேலை தொடர்பான விபத்தாக ஏற்கிறது. காரில் போனாயா, சைக்கிளில் போனாயா என்று பிரிப்பதில்லை. சொந்த வேலையாக வழி மாறிப் போயிருக்கக் கூடாது என்பதுதான் முக்கிய நிபந்தனை. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். தொழிற்சாலைக்கு சைக்கிளில் போகும் தொழிலாளிக்கும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகத்துக்கு சைக்கிளில் போகும் அதிகாரிக்கும் இந்த விஷயத்தில் ஒரே சட்டம்தான்.

"சாலை வரி கட்டாதவருக்கு சாலையில் என்ன வேலை?"

சைக்கிள் என்றாலே கிளம்பும் வாதம் இது. இரண்டும் ஓட்டுபவரிடம் இதைச் சொல்ல முடியாது. அவர் காருக்குக் கட்டியிருக்கிறார். சைக்கிளில் போகும் நாளில் அந்தக் கார் வீட்டில் நிற்கிறது என்பதற்காக வரியைத் திருப்பிக் கேட்பதும் இல்லை.

தீபகற்ப மலேசியாவில் இந்த வரி எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். 1,000 சிசி வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி. 150 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 2 வெள்ளி. ஒரு தேநீர் விலைக்கு வாங்கிய உரிமை என்று இதைச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். மின்சாரக் கார்களுக்கு 2025 இறுதி வரை சாலை வரி விலக்கே இருந்தது. அதனால் அவற்றைச் சாலையை விட்டு இறங்கச் சொன்னவர் யாருமில்லை.

சாலை வரிப் பணம் சாலைக்கென்று தனிப் பெட்டியில் போய்ச் சேர்வதும் இல்லை. அது அரசாங்கத்தின் பொது வருமானத்தில் கலக்கிறது. மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. தாமான் சாலைகளையும் சாக்கடைகளையும் கவனிக்கும் ஊராட்சி மன்றங்கள் வீட்டு மதிப்பீட்டு வரியை நம்பியிருக்கின்றன. ஆக, வீடு வைத்திருப்பவரும் கடையில் பொருள் வாங்குபவரும் ஏதோ ஒரு வழியில் சாலைக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சாலை எல்லாருடைய பணத்தில் போட்டது.

கணக்கில் வராதவர்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கார் வைத்திருப்பவர் சைக்கிளோட்டி அல்ல என்று தள்ளிவிட்டால் என்ன ஆகும்? கிள்ளான் பள்ளத்தாக்கில் மிஞ்சுபவர் சிலரே. "சைக்கிள் ஓட்ட ஆளே இல்லை, பாதை எதற்கு?" என்று கேட்பது சுலபமாகிவிடும். பாதை இல்லாததால் ஓட்டுபவர் இல்லை. ஓட்டுபவர் இல்லாததால் பாதை இல்லை. இந்த வட்டத்தை உடைக்கக் கூடியவர்கள், பாதுகாப்பு இருந்தால் காரை விட்டுவிட்டு சைக்கிளை எடுக்கத் தயாராக இருக்கும் அந்த இரண்டும் ஓட்டுபவர்கள்தாம். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் போடும் திட்டம் தொடக்கத்திலேயே தோற்றுவிடும்.

கணக்கெடுக்கும் முறையிலும் இந்தச் சிக்கல் உண்டு. இங்கிலாந்தின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, வேலைக்குப் போகும் பயணத்தில் அதிகத் தூரம் எதில் போகிறீர்கள் என்று கேட்கிறது. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை தினமும் சைக்கிளில் போகிறவர் அந்தக் கணக்கில் ரயில் பயணி ஆகிவிடுகிறார். அவருடைய சைக்கிள் காகிதத்தில் இல்லவே இல்லை. அதே கேள்வியை இங்கே கேட்டால், கிள்ளான் நிலையம் வரை சைக்கிளில் வந்து, கேடிஎம் கொமுட்டரில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறவருக்கும் இதுதான் கதி.

கோலாலம்பூரில் முயற்சிகள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. வரைகலைஞர் ஜெஃப்ரி லிம் 2012-இல் தொடங்கி, தன்னார்வலர்களின் உதவியோடு நகருக்கு ஒரு சைக்கிள் வரைபடம் தயாரித்தார். எந்தச் சந்தில் புகுந்தால் எந்த நெடுஞ்சாலையைத் தவிர்க்கலாம் என்பது ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவைக் காகிதத்தில் கொண்டுவந்தது அந்த வரைபடம். 2015-இல் டத்தாரான் மெர்டேக்காவையும் மிட் வேலியையும் இணைத்து, பிரிக்பீல்ட்ஸ் பக்கமாகச் சுமார் 5.5 கிலோமீட்டர் நீளத்துக்கு சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் உலக நகர்ப்புற மாநாடு கோலாலம்பூரில் நடந்த சமயத்தில் நகர மையத்தில் நீல வண்ணத் தடங்கள் வந்தன. வந்த வேகத்தில் அவற்றின் மீது கார்கள் நிறுத்தப்பட்டன, மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன. தரையில் பூசிய வண்ணம் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதை அந்த அனுபவம் காட்டியது.

இதற்கு நேர்மாறான பாடம் கூட்டரசு நெடுஞ்சாலையில் இருக்கிறது. 1970-களிலேயே அங்கு மோட்டார் சைக்கிள்களுக்குக் காரிலிருந்து பிரிக்கப்பட்ட தனித்தடம் போடப்பட்டது. உலகிலேயே இத்தகைய தடங்களில் முன்னோடி அது. தனித்தடம் வேண்டும் என்று கேட்டபோது, "மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் வீட்டில் கார் இருக்கிறதா?" என்று யாரும் விசாரிக்கவில்லை. உயிர் போகிறது, தடுக்க வேண்டும் என்று மட்டுமே பார்த்தார்கள்.

மாமியார் உடைத்தால் மண்குடம்

சட்டம் தெளிவாக இருந்தும் மனிதர்கள் ஏன் குழம்புகிறார்கள்? மனம் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டது. கார் ஒன்று சிவப்பு விளக்கைத் தாண்டினால் "அந்த ஆள் மோசம்" என்கிறோம். சைக்கிள் ஒன்று தாண்டினால் "இந்த சைக்கிள்காரர்களே இப்படித்தான்" என்கிறோம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதைதான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. 2019-இல் வெளியான அந்த ஆய்வில் 442 பேரிடம், சைக்கிளோட்டிகள் எந்த அளவுக்கு முழு மனிதர்கள் என்று ஓர் அளவுகோலில் குறிக்கச் சொன்னார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் 55 விழுக்காட்டினர் முழு மனிதருக்குக் கீழே குறித்தார்கள். வியப்பு என்னவென்றால், சைக்கிள் ஓட்டுபவர்களிலும் 30 விழுக்காட்டினர் அப்படியே குறித்தார்கள். இப்படிக் கீழாக நினைத்தவர்கள், சாலையில் சைக்கிள்களிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டதாக ஒப்புக்கொள்வதும் அதிகமாக இருந்தது. சொல்லில் தொடங்கும் பிரிவினை ஸ்டீயரிங்கில் போய் முடிகிறது.

நம் நாட்டில் இந்தப் பிரிவினை மிகக் கசப்பாக வெளிப்பட்டது ஜொகூர் பாரு விபத்துக்குப் பிறகுதான். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில், பிரேக் இல்லாமல் மாற்றியமைத்த 'பாசிக்கால் லாஜாக்' சைக்கிள்களோடு சாலையில் இருந்த பதின்ம வயதுச் சிறுவர்கள் எட்டுப் பேர் கார் மோதி இறந்தனர். காரை ஓட்டிய பெண் மீதான வழக்கு ஆறு ஆண்டுகள் நீடித்து, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்ததோடு முடிந்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் மக்கள் "காரோட்டி பக்கம்", "சைக்கிள் பக்கம்" என்று பிரிந்து வாதாடினார்கள். நள்ளிரவுக்குப் பிறகு பிள்ளைகள் ஏன் சாலையில் இருந்தார்கள், பிரேக் இல்லாத சைக்கிள் எப்படி அவர்கள் கைக்கு வந்தது என்ற கேள்விகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயின. விளக்கும் பிரேக்கும் பொருத்தி ஒழுங்காக வேலைக்குப் போகும் சைக்கிள்காரரும் அதே முத்திரையைச் சுமக்க வேண்டியதாயிற்று.

ஹாலந்துக்காரர்கள் பிரித்த விதம்

சைக்கிள் நாடு என்று பெயரெடுத்தது நெதர்லாந்து. அங்கே மக்களைவிட சைக்கிள்கள் அதிகம். அதற்காக அவர்கள் காரை விட்டுவிடவில்லை. நெடுஞ்சாலைகளும் கார்களும் நிறைந்த நாடுதான் அது. அங்கே காரோட்டி வேறு, சைக்கிளோட்டி வேறு என்ற பேச்சு எடுபடாது. காலையில் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு விட்டவரே மாலையில் கார் ஓட்டுகிறார். அவர்கள் மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. கடைக்கும் வேலைக்கும் சாதாரணமாக ஓட்டுபவர் 'ஃபீட்ஸர்'. விளையாட்டு உடை அணிந்து வேகமாக ஓட்டுபவர் 'வீல்ரென்னர்'. ஒரே சொல்லில் எல்லாரையும் அடைத்துவிட்டுப் பிறகு சண்டை போடும் தொல்லை அவர்களுக்குக் குறைவு.

இந்த நிலை வானத்திலிருந்து விழவில்லை. 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. போராடியவர்களில் கார் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். பெற்றோர் என்ற முறையில்தான் அவர்கள் வந்தார்கள். பாதைகள் பிரிக்கப்பட்டன, குடியிருப்புச் சாலைகளில் வேகம் குறைக்கப்பட்டது. இன்று அங்கே காரும் சைக்கிளும் மோதினால், தன்னால் எவ்விதத்திலும் தவிர்த்திருக்க முடியாது என்று காட்டாத வரை கார்த் தரப்பே இழப்பீட்டுக்குப் பொறுப்பு.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். சைக்கிள் ஓட்டிய கை காரின் கதவைத் திறக்கும்போது ஒரு கணம் தயங்கும். நெதர்லாந்தில், கதவுக்குப் பக்கத்துக் கையால் திறக்காமல் மறு கையால் திறக்கும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் உடம்பு தானாகவே திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். 2022-இல் திருத்தப்பட்ட பிரிட்டிஷ் சாலை விதிநூலிலும் இந்த முறை சேர்க்கப்பட்டது. சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்றும் அது கூறுகிறது.

உரிமை உண்டு, முழு உரிமை இல்லை

இரண்டும் ஓட்டுபவர் சைக்கிளோட்டிதான் என்று ஏற்றுக்கொண்டாலும், ஒரு நியாயமான மறுப்பு மிஞ்சுகிறது. ஞாயிறு காலையில் விலை உயர்ந்த சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகிறவரும், இரவு வேலை முடிந்து இருட்டில் பழைய சைக்கிளில் திரும்பும் பாதுகாவலரும் ஒன்றா? முன்னவருக்கு மழை வந்தால் கார் இருக்கிறது. பின்னவருக்கு அதே சைக்கிள்தான். கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டால் பேசப் போவதும் முன்னவரே. அவர் பூங்காவில் நீண்ட பாதை கேட்பார். பின்னவருக்கு வேண்டியது தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு விளக்கும், சக்கரம் சிக்காத சாக்கடை மூடியும்.

ஆகவே, மிதிக்கும் நேரத்தில் இருவரும் சைக்கிளோட்டிகளே. அடிபட்டால் வலி ஒன்றே. ஆனால், எல்லா சைக்கிளோட்டிகளுக்காகவும் பேசும் உரிமை கார் வைத்திருப்பவருக்குத் தானாக வந்துவிடாது. வாய்ப்புக் கிடைக்கும்போது அந்தப் பாதுகாவலரின் விளக்கையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தப் பேச்சுக்கு மரியாதை.

இதே நியாயம் நடைபாதையிலும் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அங்குள்ள நடைபாதைகளில் பதித்த மஞ்சள் வரிக்கற்களைக் கோலால் தடவித்தான் பார்வையற்றவர்கள் நடக்கிறார்கள். அந்தக் கற்கள் மேல் காரை ஏற்றி நிறுத்துவது எவ்வளவு தவறோ, சைக்கிளைச் சாய்த்து வைப்பதும் அதே அளவு தவறு. அதிகச் சேதம் விளைவிக்கக் கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்று பிரிட்டிஷ் விதிநூல் சொல்கிறது. லாரிக்கு முன்னால் கார் எளியது, காருக்கு முன்னால் சைக்கிள் எளியது, சைக்கிளுக்கு முன்னால் நடப்பவர் எளியவர்.

சைக்கிளோட்டி என்பது பிறப்பால் வருகிற குலப்பெயர் அன்று. மிதிவில் கால் வைக்கும்போது வருகிறது, இறங்கும்போது போய்விடுகிறது. காரோட்டி என்ற பெயரும் அப்படித்தான். வண்டி மாறும்போது பெயர் மாறலாம்; சாலையில் கற்றுக்கொண்டது மட்டும் கூடவே வர வேண்டும். சைக்கிளில் போகும்போது லாரி உரசிச் சென்ற அனுபவம், மறுநாள் கார் ஓட்டும்போது நினைவுக்கு வர வேண்டும். கார் ஓட்டும்போது விளக்கில்லாத சைக்கிளைக் கடைசி நொடியில் கண்டு பதறியது, தன் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கு மாட்டச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் ஒரே வீட்டில் கார், மோட்டார் சைக்கிள், சைக்கிள் மூன்றும் இருக்கின்றன. முன்னால் மெதுவாகப் போகும் அந்த சைக்கிளில் இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுப் பார்த்தால், முந்துவதற்கு முன் பத்து விநாடி பொறுத்துப் போவது அவ்வளவு கடினமாக இருக்காது.